நழுவும் நிலத்தில் ஓர் இருப்புப்பாதை

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில், ஃபோக்ஸ்டனுக்கும் டோவருக்கும் இடையே, சுண்ணப்பாறைக் குன்றின் அடிவாரத்தில் ‘வாரன்’ என்னும் சரிநிலம் கிடக்கின்றது. அதன் மீது 1844ஆம் ஆண்டில் இருப்புப்பாதை அமைத்தனர். குறுக்கே நின்ற குன்றொன்றை வில்லியம் கியூபிட் என்னும் பொறியாளர் 1843இல் வெடிமருந்தால் தகர்த்தார். குன்றைத் தகர்ப்பது எளிது. நிலத்தை நிறுத்துவதன்றோ அரிது!

1915 டிசம்பர் 19 மாலை அந்நிலம் பெயர்ந்தது. தண்டவாளம் சிலவிடங்களில் கடலை நோக்கி ஏறத்தாழ 50 மீட்டர் நகர்ந்துவிட்டது. வந்துகொண்டிருந்த வண்டியை எச்சரித்து நிறுத்தியமையால் பயணிகள் உயிர் தப்பினர். போர்க்காலமாதலின், பாதை 1919 வரை மூடியே கிடந்தது.

காரணம் யாது? மழைநீர் சுண்ணப்பாறையுள் இறங்கி, அடியிலுள்ள ‘கால்ட்’ என்னும் களிமண்ணை அடைந்து தேங்குகின்றது. நீரின் அழுத்தம் மிகமிக, மண்ணின் பிடிப்புத் தளர்கின்றது. கீழே கடலோ சரிவின் அடியை அரிக்கின்றது. மேற்கிலிருந்து அலைகள் உருட்டிவரும் கூழாங்கற்களே முன்னர் இக்கரைக்குக் காவலாயிருந்தன. ஃபோக்ஸ்டன் துறைமுகம் கடலுள் நீண்டபின் அவற்றின் வரவு குறைந்தது. துறைமுகத்தின் ஆக்கம் பாதைக்குக் கேடாயிற்று எனலாம்.

ஆகவே பொறியாளர் சரிவினுள் சுரங்கங்கள் குடைந்து நீரை வடித்தனர். இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர், கடற்சுவரோடு, கரையோரத்தில் பெருங்கான்கிரீட் திரளையும் பரப்பினர். சரியும் நிலத்தின் அடிப்பகுதி மேலெழும்பி வெளித்தள்ளும். அதன்மீது ஏற்றிய பாரம் அதனை அழுத்திப் பிடிக்கின்றது. இன்றும் அங்கே வண்டிகள் ஓடுகின்றன. நிலத்தின் அசைவையும் அளந்துகொண்டேயிருக்கின்றனர்.