செத்தவன் பேர்

பரணி பாட ஆயிரம் யானை கொன்றிருக்க வேண்டும் என்று எம்.ஏ. வகுப்பில் படித்தேன். யானைக்குக் கணக்கு உண்டு, கூட விழுந்த காலாளுக்கு இல்லை. இன்றைய சண்டைப்படத்தின் கதைவிதியும் இதுதான். நாயகனுக்குப் பேர், தாய், சபதம் எல்லாம் உண்டு. அவன் கையால் விழுகிறவன் வெறும் அடியாள்.

இந்த விதி திரையோடு நிற்பதில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக்கொன்றது. அவங்க தாக்கினாங்க, தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். வில்லன் முதலில் அடிப்பான், நாயகன் திருப்பி அடிப்பான், அதே கதைதான். செத்தவர்களில் பலர் சவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிகள், கூலிக்குப் போன சனங்கள். கூட வந்தவர்களைப் பஸ்ஸிலிருந்து பிடித்துப் போனார்கள் என்று தப்பிவந்த ஒருவர் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்.

2021இல் ‘புஷ்பா’ வந்தது. அதே காடு, அதே செம்மரம், கூலிக்காரனே நாயகன். நல்லதுதானே என்று தோணும். ஆனால் கூலியாகவே இருந்தால் அவனுக்குக் கதை இல்லை. கும்பலுக்குத் தலைவனானால்தான் கதை. கூட மரம் வெட்டினவர்கள் மறுபடியும் கூட்டம்தான்.

சவ்வாது மலையை ஒட்டிய செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. ஆநிரைச் சண்டையில் பட்டவனின் பேரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். செத்தவன் பேரைச் சொல்லும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதுசில்லை. அந்த 20 பேருக்கும் பேர் உண்டு, ஊர் உண்டு. வரலாறு எழுதுகிற நாம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.