சஃபீனஸ்: தெரிவதா, மறைந்ததா?

பைபாஸ் ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு தழும்புகள் இருக்கும். ஒன்று நெஞ்சில், இன்னொன்று காலில். நெஞ்சுத் தழும்பு எல்லோருக்கும் புரிந்துவிடும். காலில் எதற்கு என்று கேட்டால், "கால்லேர்ந்து நரம்பை எடுத்து நெஞ்சுல வச்சிருக்காங்க" என்பார்கள். எடுத்தது நரம்பு இல்லை, சிரை. இதயத்தை நோக்கி ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். நம் பேச்சுத் தமிழில் நரம்பு என்ற ஒரே சொல் இரண்டுக்கும் போதுமானதாக இருக்கிறது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

அந்தக் குழாய்க்கு ஆங்கிலத்தில் 'கிரேட் சஃபீனஸ் வெய்ன்' என்று பெயர். உடம்பிலேயே நீளமான சிரை அதுதான். உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குச் சற்று முன்னால் வந்து, கெண்டைக்கால், முழங்கால், தொடை என்று உட்புறமாகவே ஏறி, தொடை இடுக்கில் ஆழமாக ஓடும் பெரிய சிரையில் கலந்துவிடும். கிரேட் என்றால் பெரியது. வெய்ன் என்றால் சிரை. நடுவில் இருக்கும் அந்தப் பெயரடை, சஃபீனஸ், அதற்கு என்ன அர்த்தம்?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. மருத்துவப் புத்தகங்கள் இரண்டு பதில் சொல்கின்றன. ஒன்று, அது கிரேக்கச் சொல், 'தெளிவாகத் தெரிவது' என்று பொருள். இன்னொன்று, அது அரபுச் சொல், 'மறைந்திருப்பது' என்று பொருள். ஒரே சொல், ஒரே சிரை, நேரெதிரான இரண்டு அர்த்தங்கள். இதில் எது சரி என்று கேட்பதைவிட, இப்படி இரண்டு பதில் ஏன் தேவைப்பட்டது என்று கேட்பதுதான் பயனுள்ளது என்று எனக்குத் தோன்றுகிறது.

கிரேக்கப் பதிலை முதலில் பார்ப்போம். 'சஃபேஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தெளிவானது என்று பொருள் உண்டு, அதில் சந்தேகமில்லை. கணுக்காலில் இந்தச் சிரை தோலுக்கடியில் நன்றாகவே தெரியும். வெயிலில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்து உங்கள் காலையே பாருங்கள். பொருத்தமான பெயர்தான். சிக்கல் என்னவென்றால், கிரேக்க மருத்துவர்கள் இந்தச் சிரையை அந்தப் பெயரால் அழைக்கவே இல்லை. அவர்களுக்கு அது கணுக்கால் பக்கத்துச் சிரை, அவ்வளவுதான். அரபு நூல்கள் லத்தீனுக்குப் போன பிறகுதான் ஐரோப்பாவில் 'சஃபீனா' என்ற பெயர் புழங்க ஆரம்பிக்கிறது.

போன வழியும் தெரிந்த வழிதான். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டொலீடோ நகரில் இருந்துகொண்டு அரபு நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக லத்தீனுக்குக் கொண்டுவந்தவர் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்ட். 1187இல் இறந்தார். அவர் மொழிபெயர்த்தவற்றில் ஒன்று இப்னு சீனாவின் 'மருத்துவ விதிநூல்'. பல நூற்றாண்டுகள் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடப்புத்தகமாக இருந்தது. அரபில் 'ஸாஃபின்' என்று இருந்த சிரையின் பெயர் லத்தீனில் 'சஃபீனா' ஆனது. அங்கிருந்து ஆங்கிலக் கையெழுத்துப் பிரதிகளுக்கு வந்தது. ஆங்கிலத்திலும் நெடுங்காலம் அது பெயர்ச்சொல்தான். வால் ஒட்டி 'சஃபீனஸ்' என்று பெயரடையாக ஆனதெல்லாம் பிற்பாடு.

சரி, அப்போ 'மறைந்திருப்பது' என்ற அரபு அர்த்தம்தான் சரியா? அவசரப்பட வேண்டாம். பழைய அரபு அகராதிகளில் இந்த வேர்ச்சொல்லைத் தேடினால் முதலில் வந்து நிற்பது ஒரு குதிரை. மூன்று கால்களை ஊன்றி, நான்காவது காலின் குளம்பு நுனியை மட்டும் தரையில் தொட்டுக்கொண்டு ஓய்வாக நிற்கும் குதிரைக்கு 'ஸாஃபின்' என்று பெயர். குர்ஆனின் 38ஆவது அத்தியாயத்தில் சுலைமான் நபியின் முன் கொண்டுவரப்படும் உயர்சாதிக் குதிரைகளைச் சொல்லும்போது இந்தச் சொல்லின் பன்மைதான் வருகிறது. அதே அகராதிகள் அதே சொல்லுக்குக் காலில் உள்ள ஒரு சிரை என்றும் பொருள் தருகின்றன. ஆக தெரிவது, மறைந்தது, குதிரை என்று மூன்று அர்த்தங்கள் கைவசம் இருக்கின்றன. வேரைத் தோண்டிக்கொண்டே போனால் இன்னும் கிடைக்கலாம். சிரை என்ன என்பதை மட்டும் அந்த வேர் சொல்லப்போவதில்லை.

அதைச் சொல்வது கத்திதான்.

இப்னு சீனா காலத்து மருத்துவர் இந்தச் சிரையை எதற்காகத் தேடினார்? ரத்தம் வடிக்க. சித்த மருத்துவத்தில் குருதி வாங்கல் என்பார்களே, அது மாதிரி. அன்றைய கொள்கைப்படி ஒவ்வொரு சிரைக்கும் ஒரு வேலை உண்டு. கையில் ஒன்றைக் கீறினால் தலைக்கு நல்லது, இன்னொன்றைக் கீறினால் நெஞ்சுக்கு நல்லது. கணுக்காலில் இதைக் கீறினால் கல்லீரலுக்குக் கீழே உள்ள உறுப்புகளிலிருந்து ரத்தம் இறங்கும், தடைபட்ட மாதவிடாய் திறக்கும் என்று நம்பினார்கள். காலை வெந்நீரில் வைத்து, சிரை புடைத்து வந்ததும், அங்கே கத்தியை வைப்பார்கள். அவர்களுக்கு சஃபீனா என்பது கணுக்காலில் நான்கு விரல்கடை இடம். தொடையில் அது எப்படிப் போகிறது என்பது அவர்கள் பிரச்சினையே இல்லை. அந்த நான்கு விரல்கடைக்குள் அது நிச்சயமாகத் தெரிகிற சிரைதான்.

16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் காற்று திசை மாறியது. கிரேக்க மூலங்களை நேரடியாகப் படிக்க ஆரம்பித்த அறிஞர்களுக்கு அரபு வாடை பிடிக்காமல் போனது. ஜெர்மானிய மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் போன்றவர்கள் அரபு மருத்துவர்களை வெளிப்படையாகவே சாடினார்கள். கிரேக்க வேர் கௌரவம், அரபு வேர் கறை என்று ஆகிவிட்ட சூழல். அரபு வழியாக வந்த ஒரு சொல்லுக்குக் கிரேக்கத்தில் ஒலி ஒத்த உறவு கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? நம் ஊரில் திடீரெனப் பணம் வந்த குடும்பத்துக்கு அரச வம்ச வேர் கண்டுபிடித்துக் கொடுப்பதில்லையா, அந்த மாதிரி.

1628இல் வில்லியம் ஹார்வி ரத்தம் உடல் முழுக்கச் சுற்றிவருகிறது என்று நிறுவினார். ஒரே ரத்தம்தான் எல்லா உறுப்புக்கும் போய் வருகிறது என்றால், இந்தச் சிரை இந்த உறுப்புக்கு என்ற கணக்கு செத்துப்போகிறது. கொள்கை செத்தாலும் பழக்கம் சாகவில்லை. ரத்தம் வடிப்பது 19ஆம் நூற்றாண்டு வரை ஓடியது. ஆனால் பெயருக்குள் இருந்த மருந்து காலியாகிவிட்டது. சஃபீனா இப்போது உடற்கூறு வரைபடத்தில் வெறும் ஒரு கோடு. பக்கத்தில் கூடவே போகிற ஒரு நரம்புக்கும் அதே பெயரைக் கொடுத்து சஃபீனஸ் நரம்பு ஆக்கினார்கள். இது நிஜமாகவே நரம்பு.

அடுத்து அந்தக் கோடு நோயானது. 1890களின் தொடக்கத்தில் ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃப்ரீட்ரிக் ட்ரெண்டெலன்பெர்க் தொடையில் இந்தச் சிரையைக் கட்டிவிட்டு, காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதாக நாம் சொல்லும் வேரிகோஸ் தொல்லைக்குச் சிகிச்சை செய்தார். சிரைக்குள் ரத்தம் மேலே மட்டும் போகும்படி சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. அவை பழுதானால் ரத்தம் கீழே இறங்கித் தேங்கும். அறுவை மருத்துவர்களிடம் சஃபீனஸ் என்றால் கட்ட வேண்டியது, உருவி எறிய வேண்டியது என்றொரு அர்த்தம் ஏறிக்கொண்டது.

பிறகு உருவிய அதே பொருளுக்கு விலை வந்தது. 1948இல் பாரிஸில் ழான் குன்லின் இந்தச் சிரையைக் கொண்டு காலில் அடைபட்ட தமனிக்கு மாற்றுப் பாதை போட்டார். 1967 மே மாதம் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ இதயத் தமனிக்கு அதையே செய்தார். இதயத்துக்கு அந்தச் சிரையைப் பயன்படுத்திய முதல் ஆள் அவரில்லை. ஆனால் அதை எல்லோரும் செய்யக்கூடிய முறையாக ஆக்கியவர் அவர். அர்ஜென்டினாக்காரர், பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு கிராமத்தில் வைத்தியம் பார்த்துவிட்டு அங்கே வந்தவர். இந்த அறுவையில் ஒரு நுட்பம் உண்டு. சிரையைத் தலைகீழாகத் திருப்பித்தான் பொருத்த வேண்டும். அப்படியே வைத்தால் உள்ளே இருக்கும் வால்வுகள் ரத்தத்தை மறித்துவிடும். கெட்டுப்போனால் நோயைத் தரும் அதே வால்வுகள், நன்றாக இருந்தாலும் இங்கே தடை. ஒரு நூற்றாண்டுக்குள் வேண்டாத பொருள் உதிரிபாகமாகிவிட்டது. அதே சொல்தான்.

'மறைந்தது' என்ற அர்த்தத்துக்கு வலு வந்தது அல்ட்ராசவுண்ட் வந்த பிறகு. தொடையில் இந்தச் சிரை தோலுக்கு நேர் அடியில் இல்லை, மேலும் கீழும் இரண்டு சவ்வுகளுக்கு நடுவே ஓடுகிறது. குறுக்குவெட்டில் பார்த்தால் இமைகளுக்கு நடுவே கருவிழி இருப்பது போலத் தெரியும். எகிப்தியக் கண் என்றே மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணைப் பார்த்தவர்களுக்கு அரபு அர்த்தம்தான் உண்மையாகப் பட்டது. ஆக, கணுக்காலைப் பார்த்தவர்கள் தெரிவது என்றார்கள், தொடைக்குள் பார்த்தவர்கள் மறைந்தது என்றார்கள். வேர்ச்சொல் ஆராய்ச்சி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி, அவரவர் காலத்தில் கண்ணுக்கு எது அகப்பட்டது என்பதுதான்.

இதெல்லாம் புலவர் சண்டை, உயிரா போகிறது என்று நீங்கள் கேட்கலாம். போயிருக்கக்கூடும். தொடையில் ஆழமாக ஓடும் ஒரு பெரிய சிரைக்கு நெடுங்காலம் 'சூப்பர்ஃபிஷியல் ஃபெமரல்' என்று பெயர். சூப்பர்ஃபிஷியல் என்றால் மேலோட்டமானது. ஆழமான சிரையில் ரத்தம் கட்டினால் அது நுரையீரலுக்குப் போய் ஆளைக் கொல்லலாம், உடனே மருந்து வேண்டும். மேலோட்டமான சிரையில் கட்டினால் அவ்வளவு பயமில்லை. 1995இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. இந்தச் சிரையில் ரத்தம் கட்டியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று மருத்துவர்களிடம் கேட்டபோது, பெரும்பாலானோர் பெயரை நம்பி, ரத்தம் உறைவதைத் தடுக்கும் சிகிச்சை தரமாட்டோம் என்ற ரீதியில் பதில் சொன்னார்கள். உயிரைப் பறிக்கக்கூடிய தவறான பெயர் என்று கட்டுரைத் தலைப்பிலேயே எச்சரித்திருந்தார்கள்.

சஃபீனஸும் தப்பவில்லை. அதே பெயரில் கெண்டைக்காலின் பின்புறம் ஒரு சின்னச் சிரையும் உண்டு. பெரியதை 'லாங்' என்று சிலர் சொன்னார்கள், சின்னதை 'லெஸ்ஸர்' என்று வேறு சிலர் சொன்னார்கள். இரண்டையும் சுருக்கி எழுதினால் எல்.எஸ்.வி. தான். ஒரே மூன்றெழுத்து, இரண்டு வெவ்வேறு சிரைகள். இந்தச் சீட்டைப் படித்துவிட்டு அறுவைக்குப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். 2001இல் ரோமில் கூடிய சர்வதேசக் குழு பெரியது 'கிரேட்', சின்னது 'ஸ்மால்' என்று முடிவுசெய்தது. 'சூப்பர்ஃபிஷியல் ஃபெமரல்' என்பதிலிருந்து முதல் சொல்லையும் தூக்கிவிட்டது.

கவனியுங்கள், சஃபீனஸை மட்டும் அவர்கள் தொடவில்லை. தெரிவது என்றோ மறைந்தது என்றோ அது இன்று யாரையும் எங்கேயும் அனுப்புவதில்லை. அர்த்தம் மொத்தமாகத் தேய்ந்துபோனதால்தான் அது ஆபத்தில்லாத நல்ல பெயராக நிற்கிறது. அர்த்தம் புரிகிற மாதிரி இருந்த மேலோட்டம் என்ற பெயர்தான் ஆளை ஏமாற்றியது. சொல்லின் வேரைத் தெரிந்துகொண்டால் பொருளைத் தெரிந்துகொண்டோம் என்று வாசகர்களாகிய நமக்கு ஒரு மயக்கம் உண்டு. பொருள் விளங்குகிற சொல்லிடம்தான் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும் என்கிறது இந்தக் கால் சிரையின் கதை.