இரும்பொலியும் இறைப்புகழும்

சுண்ணாம்பாறு கடலை நெருங்கும் இடத்தில், கடலூர்ச் சாலையோரம் அமைந்த ஊர் நோணாங்குப்பம். அங்கிருந்து சுமார் 8 கி.மீ. தொலைவிலுள்ள புதுவை நகரில், 1704ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், திருத்தந்தையின் தூதராக வந்திருந்த தூர்னோன் ஆண்டகை ஓர் ஆணையை வெளியிட்டார். மலபார்ச் சடங்குகளைப் பற்றிய அவ்வாணை தாலி, நெற்றிச் சாம்பல் எனப் பலவற்றைப் பேசுகிறது. அதில் வாத்தியக்காரர்களுக்கும் ஒரு விதி உண்டு. குழலோ மேளமோ வாசிக்கும் கிறிஸ்தவர் பிற சமயத் திருவிழாக்களில் வாசிக்கலாகாது என்பதே அது. வாசிப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஏழைகளுக்கு அது எத்துணை இடராயிருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவ்விதி மேளத்தைக் குற்றவாளியாக்கவில்லை. மேளம் ஒலிக்கும் இடத்தையே விலக்கியது.

ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பின், 1903 நவம்பர் 22 அன்று, திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசையைக் குறித்து எழுதியபோது பியானோவையும் முரசையும் கைத்தாளங்களையும் ஆலயத்தினுள் தடுத்தார். பேண்டு வாத்தியத்திற்கும் ஆலயத்தில் இடமில்லை என்றார். ஆனால் வெளியே நடைபெறும் பவனிகளில் ஆயரின் இசைவோடு அது ஒலிக்கலாம் என்று இடமளித்தார். நம் தேர்ப்பவனிகளில் முன்னே செல்லும் பேண்டுக்காரர்கள் இதை அறிந்தால் மகிழ்வார்கள்!

வாத்தியம் குற்றமுடையதா, அது ஒலிக்கும் இடம் குற்றமுடையதா என்னும் இக்கேள்வி, 1980களில் அமெரிக்காவில் தலைகீழாக எழுந்தது. மின்கிதாரின் கடும் உறுமலும் இடிபோன்ற முரசும் கொண்ட ‘ஹெவி மெட்டல்’ இசை அன்று இளைஞரை ஈர்த்துக்கொண்டிருந்தது. சாத்தானின் பெயரையும் சின்னங்களையும் விளம்பரமாக்கிய குழுக்களும் அதில் இருந்தன. அவ்விசையைக் கொண்டே ஆண்டவரைப் பாடலாமா?

பாடலாம் என்று துணிந்தவர்கள் கலிபோர்னியாவின் ஆரஞ்சு வட்டாரத்தைச் சேர்ந்த மைக்கேல் ஸ்வீட், ராபர்ட் ஸ்வீட் என்னும் உடன்பிறந்தார். ‘ராக்ஸ் ரெஜீம்’ என்ற பெயரில் இரவு விடுதிகளில் வாசித்துவந்த தங்கள் குழுவை 1983 அளவில் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்து, ‘ஸ்ட்ரைப்பர்’ என்று பெயரிட்டனர். எசாயா 53:5இல், நம்மைக் குணமாக்கும் காயங்களைக் குறிக்கப் பழைய ஆங்கில விவிலியம் ஆளும் சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். சவுக்கடித் தழும்பையும் வண்ணக்கோட்டையும் அம்மொழியில் அவ்வொரு சொல்லே குறிக்கும். அதனால் மஞ்சளும் கறுப்புமான கோடுகளை உடையிலும் கிதாரிலும் தீட்டிக்கொண்டனர். மேடையிலிருந்து புதிய ஏற்பாட்டுப் பிரதிகளைக் கூட்டத்தினரிடையே வீசினர்.

1984இல் முதல் இசைத்தட்டு வந்தது. 1986இல் வந்த ‘டு ஹெல் வித் தி டெவில்’ அமெரிக்காவில் மட்டும் பத்து இலட்சத்திற்கு மேல் விற்றது. பிசாசு நரகத்துக்கே தொலையட்டும் என்பது அத்தலைப்பின் பொருள். பொருளை அறியாமல் தலைப்பை மட்டும் கேட்டுத் திடுக்கிட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

எதிர்ப்பு இருபுறமும் வந்தது. உலகியல் இரசிகர் சிலர் ஏளனம் செய்தனர். கோவில் வட்டாரத்தினர் கண்டித்தனர். கண்டித்தவர்களில் முன்னணியில் நின்றவர் தொலைக்காட்சிப் போதகர் ஜிம்மி ஸ்வேகர்ட். ராக் இசை எந்த வடிவில் வந்தாலும் ஆகாது என்பது அவர் நிலைப்பாடு. இதில் ஒரு முரண் உண்டு. ஸ்வீட் குடும்பத்தினர் 1970களின் நடுவில் மனந்திரும்பியதே ஸ்வேகர்ட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்த்துத்தான். தாம் விதைத்தது எந்த நிலத்தில் முளைத்தது என்பதை விதைத்தவரால் அடையாளம் காண இயலவில்லை. 1988 பிப்ரவரியில் அவரே தம் பாவத்தை மக்கள் முன் கண்ணீரோடு அறிக்கையிட நேர்ந்தது. அதைச் சொல்லி அவரை எள்ளுவது நம் நோக்கமன்று. ஆபத்து எங்கிருந்து வரும் என்று அவர் சுட்டினாரோ அங்கிருந்து அது வரவில்லை என்பதையே குறிக்கிறோம்.

ஸ்ட்ரைப்பர் குழுவுக்கும் அவ்வாறே நேர்ந்தது. 1990இல் ‘அகெய்ன்ஸ்ட் தி லா’ என்னும் இசைத்தட்டு வந்தபோது மஞ்சள் கறுப்புக் கோடுகள் மறைந்திருந்தன. பாடல்களில் முன்போல் கடவுளை வெளிப்படையாகப் பேசவில்லை. அக்காலத்தில் தாங்கள் குடிப்பழக்கத்தில் விழுந்திருந்ததை மைக்கேல் பின்னாளில் ஒளிக்காமல் எழுதினார். 1992இல் அவர் விலக, குழு சிதறியது. கிதாரின் இரைச்சல் அவர்களை அழிக்கவில்லை. புகழும் களைப்பும் கசப்பும் உள்ளிருந்து அரித்தன என்றே நாம் கருதுகிறோம். சொந்த இல்லத்தாரே இடைவிடாது பழித்தமைக்கு அக்கசப்பில் பங்கில்லை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு இத்தகைய இசையைக் கேட்கும் நம் பிள்ளைகளிடம், என்ன கேட்கிறாய் என்று வினவும் முன்னரே தீர்ப்பு வழங்கிவிடும் பெற்றோர் நம்மிடையேயும் உண்டல்லவா?

ஸ்ட்ரைப்பர் குழுவினர் கத்தோலிக்கர் அல்லர். ஆனால் இவ்விசையை மேடையேற்றிய ஒரு துறவி நம் திருச்சபையிலேயே இருந்தார். இத்தாலியக் கப்புச்சின் சபையைச் சேர்ந்த சகோதரர் சேசரே பொனிட்சி 1946இல் பிறந்தவர். மெட்டாலிக்கா குழுவின் நிகழ்ச்சி ஒன்றால் இவ்விசையில் நாட்டம் கொண்டார். 2008இல், தம் அறுபதுகளில், வெண்தாடியும் பழுப்பு அங்கியுமாய் ‘காட்ஸ் ஆஃப் மெட்டல்’ என்னும் பெரும் இசைவிழாவில் பாடினார். உலகப் பத்திரிகைகள் அவரைச் சூழ்ந்தன. மறு ஆண்டே அவர் மேடையை விட்டார். தம்மை உடன் துறவியரிடமிருந்து பிரிக்கப் பிசாசு முயன்றதாக அவர் காரணம் சொன்னார். இசையை அவர் பழிக்கவில்லை. தாமே புகழ்ப்பொருளாகி வருவதைக் கண்டு விலகினார். ஸ்ட்ரைப்பர் இளைஞர்கள் காலங்கடந்து கண்டதை அம்முதியவர் ஓராண்டில் கண்டுகொண்டார்.

அவ்விளைஞர்களும் திரும்பி வந்தனர். 2003இல் மீண்டும் ஒன்றுகூடி, 2005இல் ‘ரீபார்ன்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டனர். மஞ்சளும் கறுப்பும் மறுபடி மேடையேறின. நரை கலந்த வயதில், 2018இல் ‘காட் டேம் ஈவில்’ என்று ஒன்றுக்குப் பெயரிட்டபோது, அது ஆண்டவர் பெயரை வீணாகச் சொல்வதாகும் என்று கிறிஸ்தவர் பலர் மீண்டும் சினந்தனர். தீமையை அழித்தருளும்படி கடவுளை நோக்கி எழுப்பும் மன்றாட்டே அது என்று மைக்கேல் பொறுமையாக விளக்கம் தந்தார்.