ஒஸ்ரின் காரும் ஸ்ரீ எழுத்தும்: மன்னார்க் கரையின் பழைய படங்களுக்குக் காலம் கணித்தல்

லண்டன் தெரு வரும் பழைய திரைப்படத்துக்குக் காலம் சொல்ல, அதில் ஓடும் வாடகைக் காரே பெரும்பாலும் போதும். ஓட்டுநருக்கு இடப்பக்கம் கதவில்லாமல், பெட்டி வைக்கும் திறந்த இடம் கொண்ட ஒஸ்ரின் எஃப்.எக்ஸ்.3 தெரிந்தால், காட்சி 1948க்கு முந்தியதாக இராது. நான்கு கதவுகளும், கூரையோரம் காதுபோலத் துருத்திய திரும்பல் விளக்குகளும் இருந்தால் 1958இல் வந்த எஃப்.எக்ஸ்.4. அந்த விளக்குகள் 1968 மாற்றத்தோடு கூரையை விட்டிறங்கின. லண்டனில் வாடகைக் கார்கள் கடுமையான சோதனைக்கு உட்பட்டவை. ஆகவே காரின் வயதும் படத்தின் வயதும் அங்கே வெகுதூரம் விலகுவதில்லை.

அந்த முறையை அப்படியே தலைமன்னாருக்குக் கொண்டுவந்தால் கணக்குப் பிழைத்துவிடும்.

இலங்கையில் ஹயர் கார் என்று ஓடியவை பெரும்பாலும் பிரித்தானியக் குடும்பக் கார்களே: ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. வந்த கார்களைப் பழுதுபார்த்தே பயன்படுத்த வேண்டியதாயிற்று. தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தைக் களமாக்கி எடுத்த 'பொன்மணி' 1977இல் வெளிவந்தது. அவ்வாண்டிலும் வடபுலத் தெருக்களில் 1950களின் ஒஸ்ரின்கள் ஆளேற்றிக்கொண்டிருந்தன. போர்க்காலத்தில் பெற்றோல் தடைப்பட்டபோது மண்ணெண்ணெயில் ஓடியவையும் இந்தக் கிழட்டுக் கார்களே. காரை மட்டும் நம்பிக் காலம் குறிப்பவர் இருபது, முப்பது ஆண்டு பிழைக்கக்கூடும். கார் தருவது கீழெல்லை ஒன்றே.

அந்தக் கீழெல்லையையாவது துல்லியமாக்க முடியும். ஏ-40 வகையில் டெவன் 1947இல் வந்தது. உருண்டு திரண்ட உடலும், முன்சக்கர மேற்கோடு கதவுவரை வழிந்திறங்கும் வடிவமும் கொண்ட சொமர்செட் 1952 முதல் 1954 வரை உற்பத்தியானது. பின்புறம் துடுப்பு எழுந்த கேம்பிரிட்ஜ் 1959இல் வந்தது. மொறிஸ் மைனரில் கவனிக்க வேண்டியது முன்கண்ணாடி: நடுவே கம்பியோடு இரு துண்டாக இருந்தால் 1956க்கு முந்திய உற்பத்தி, ஒரே வளைகண்ணாடியானால் மைனர் 1000. விளக்கும் பம்பரும் பட்டறையில் எளிதில் மாறும். ஆகவே அவற்றைக் கொண்டு முடிவு கட்டுவது சரியன்று. உடலோடு சேர்ந்த கண்ணாடிச் சட்டமே வலுவான சான்று.

அதைவிட வலுவானது இலக்கத்தகடு. சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்த சி.எல்., சி.என்., இ.எல்., இ.வை. போன்ற தகடுகள் 1950களில் வழங்கின. அந்தப் பதிற்றாண்டின் பிற்பகுதியில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து தகட்டில் ஏறியது. 1958இல் அந்த எழுத்தோடு பேருந்துகள் வடக்குக்கு வந்தபோது தமிழரசுக் கட்சியின் ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டம் மூண்டது. ஒரு சட்டகத்தில் ஸ்ரீ தெரிந்தால், காட்சி 1950களின் பிற்பகுதிக்கு முந்தியதன்று. தார் பூசப்பட்ட, அல்லது தமிழ் எழுத்துப் பொறித்த தகடு தெரிந்தால் 1958இன் முற்பகுதியைத்தான் முதலில் நினைக்கவேண்டும். எதிர்த்திசையில் இந்த விதி செல்லாது: பழைய ஆங்கில எழுத்துத் தகட்டோடு கார்கள் பல பதிற்றாண்டுகள் ஓடின. தெருவில் தெரியும் பத்து வண்டிகளில் ஒன்றிலும் ஸ்ரீ இல்லையென்றால் மட்டுமே அது சொல்லத்தக்க சான்றாகும்.

மேலெல்லையைத் தருவது இடம். தலைமன்னார்த் துறையில், தனுஷ்கோடிக்கு ஓடிய இர்வின் அல்லது கோஷென் கப்பல் பயணிகளோடு நின்றால், பெரும்பாலும் 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிப்பதற்கு முந்திய காட்சி. பின்னர் இராமேஸ்வரத்துக்கு நடந்த சேவையும் 1984இல் நின்றது. பயணிகள் இறங்கும் துறையோரம் ஹயர் கார்கள் வரிசையாய் நிற்கும் படம், கார்கள் எவ்வளவு பழையனவாயினும், அந்த ஆண்டைத் தாண்டாது. 1977க்குப் பிந்திய தாராள இறக்குமதியோடு வந்த யப்பான் வான் ஒன்று ஓரத்தில் தலைகாட்டினால், காலம் ஏழெட்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும்.

பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் மடுத் திருவிழாப் பயணப் படங்களையும் திருமணப் படச்சுருள்களையும் வைத்திருப்போர், அவற்றைப் பிரதியெடுக்கும்போது ஓரத்தை வெட்டவேண்டாம். வெட்டுப்படும் அந்த ஓரத்தில்தான் பல வேளை இலக்கத்தகடு இருக்கிறது.