கூத்துக்காணியும் பள்ளிக் கலையரங்கமும்

அரியலூர், பெரம்பலூர் பக்கம் கலைமேடையின் கதையைத் தேடுபவர் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று கோயில் கல்வெட்டு. மற்றொன்று அரசுப் பள்ளி மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் கலையரங்கம்.

அரியலூர் மாவட்டத்துக் காமரசவல்லி, சோழர் காலத்தில் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது வேதம் வல்ல பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊர். மார்கழித் திருவாதிரையில் மூன்று முறையும் வைகாசித் திருவாதிரையில் மூன்று முறையும் சாக்கைக் கூத்து ஆட, சாக்கை மாராயன் விக்கிரமசோழனுக்கு நிலம் கூத்துக்காணியாக விடப்பட்டதை அவ்வூர்க் கோயிலின் முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு சொல்கிறது. பக்கத்துத் தஞ்சைப் பெரிய கோயிலில் வைகாசி விழாவுக்கு இராசராசேசுவர நாடகம் ஆடியவருக்கு இரண்டாம் இராசேந்திரன் விட்ட நிவந்தம் (கோயில் பணிக்கான மானியம்) நாளுக்கு ஒரு தூணி, அதாவது நான்கு மரக்கால் நெல். ஆண்டுக்கு 120 கலம். ஆட்டம் வைகாசியில்தான், படியளந்ததோ ஆண்டு முழுக்க. ஒத்திகைக் காலத்திலும் கூத்தனுக்கு வயிறு உண்டு என்பதை அந்தக் கணக்கு மறக்கவில்லை.

பள்ளிக் கலையரங்கம் வேறு வகை. இடுப்பளவு உயர மேடை, மூன்று பக்கமும் சுவர், மேலே கான்கிரீட் தளம், முன்பக்கம் மைதானத்தைப் பார்த்த திறப்பு. சுவரில் பதித்த கல்லில் நன்கொடையாளர் பெயரும் திறந்துவைத்தவர் பெயரும் இருக்கும். காலையில் இறைவணக்கம், இடையில் விலையில்லா மிதிவண்டி வழங்கும் விழா, ஆண்டு விழா வந்தால் கரகமும் கும்மியும். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா இம்மேடைகளுக்குப் புது வேலை கொடுத்தது.

கட்டடத்துக்கு நன்கொடையோ தொகுதி நிதியோ கிடைத்துவிடும். பயிற்றுவிப்பவருக்கு? ஓவியம், இசை, தையல், உடற்கல்வி முதலியவற்றுக்கு 2012இல் தமிழகம் முழுவதும் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். தொடக்கத் தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். மே மாதச் சம்பளம் இல்லை என்ற குறை பல ஆண்டு நீடித்தது. வைகாசி பிறப்பதும் அந்த மே மாதத்தில்தான்.

இதை வைத்துச் சோழர் காலமே மேல் என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. தஞ்சை நாடகக்காணி, அதாவது அங்கே நாடகம் ஆடி மானியம் பெறும் உரிமை, ஆடியவரோடு முடியாமல் அவர் வம்சத்தாருக்கும் போனது. வெளியாள் நுழைய அதில் வழி குறைவு. பள்ளி மேடையிலோ வகுப்பில் படிக்கும் எந்தப் பிள்ளையும் பேர் கொடுத்துவிட்டு ஏறலாம். அன்று சோறு உறுதி, வாசல் குறுகல். இன்று வாசல் அகலம், சோறு நிச்சயமில்லை. புதுக் கலையரங்கத்துக்கு மதிப்பீடு போடும்போது சிமெண்ட், கம்பிக்கு அடுத்த வரியில் பயிற்சியாளரின் பன்னிரண்டு மாதச் சம்பளத்தையும் எழுதினால் இரண்டின் நன்மையும் ஒரே மேடையில் சேரும்.