பழகிய கையும் புதிய எழுத்தும்

வணிகரும் வைத்தியரும் சபைக் காரியதரிசியும் வெகு காலமாகச் சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தைச் சுமந்து வந்திருக்கிறார்கள். நண்பர்களின் முகவரி, போகவேண்டிய கூட்டம், கொடுக்கவேண்டிய பாக்கி, திடீரென்று மனத்தில் தோன்றிய ஒரு யோசனை, எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. இந்தப் புத்தகத்தின் வேலையை மின்னணுக் கருவி ஒன்றிடம் ஒப்படைக்கலாம் என்ற எண்ணம் சென்ற நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் வலுப்பெற்றது. 1984இல் இங்கிலாந்தின் சையான் கம்பெனி வெளியிட்ட 'ஆர்கனைசர்' இவ்வகையில் மூத்தவற்றுள் ஒன்று. ஆயினும் அதில் எழுத்துக்களைப் பொத்தான்களைத் தட்டித்தான் புகுத்தவேண்டும், எழுதுவதற்கு வழியில்லை.

எழுதினால் புரிந்துகொள்ளும் கருவி எப்போது வரும்? அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனித் தலைவர் ஜான் ஸ்கல்லி, 1992 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரில் பேசுகையில், இத்தகைய கருவிக்கு 'பர்சனல் டிஜிட்டல் அசிஸ்டன்ட்' என்று பெயர் சூட்டினார். தமிழில் 'மின்னணு அந்தரங்க உதவியாளர்' எனலாம். மறு ஆண்டு ஆகஸ்டில் பாஸ்டன் நகரில் 'நியூட்டன் மெசேஜ்பேட்' விற்பனைக்கு வந்தது. விலை ஏறக்குறைய 700 டாலர்.

அதன் ஆற்றல் அக்காலத்துக்கு வியப்பூட்டுவதே. செவ்வாய்க்கிழமை இன்னாருடன் பகலுணவு என்று திரையில் எழுதினால், நாட்குறிப்பில் உரிய நாளில் அதனைப் பதிவு செய்ய அது முயலும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் மூலம் அருகிலுள்ள மற்றொரு நியூட்டனுக்குக் குறிப்பை அனுப்பும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதுபவரின் சொந்தக் கையெழுத்தை உள்ளது உள்ளபடியே வாசித்துவிடும் என்று விளம்பரம் செய்யப்பட்டது. மாஸ்கோவில் தோன்றிய 'பாராகிராஃப்' என்ற நிறுவனத்தின் ஆராய்ச்சி இதற்கு ஆதாரமாக இருந்தது.

இங்கேதான் சங்கடம் விளைந்தது. அந்தக் கருவி எழுதப்பட்ட கோடுகளைத் தன்னுள்ளிருந்த சொற்பட்டியலோடு ஒப்பிட்டு, மிகவும் நெருங்கிய சொல் எதுவோ அதைத் தேர்ந்தெடுத்துக் காட்டும். பட்டியலில் இல்லாத சொல்லை எழுதினாலோ, கையெழுத்து சிறிது கோணினாலோ, தொடர்பே இல்லாத வேறொரு சொல் திரையில் வந்து நிற்கும். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து நன்கு தெரியும். ஓர் எழுத்து பிழையானால் பார்த்தவுடன் கண்ணில் உறுத்தும். எழுத்துப் பிழை இல்லாத தவறான சொல்லோ, மரியாதையான உடை அணிந்துவந்த திருடனைப் போல, யாரும் தடுக்காமல் உள்ளே நுழைந்துவிடும். வெளியான மாதத்திலேயே காரி ட்ரூடோவின் புகழ்பெற்ற 'டூன்ஸ்பெரி' சித்திரத் தொடர் நியூட்டனின் இந்தக் குறையைப் பல நாள் நையாண்டி செய்தது. பிற்காலத்தில் அச்செழுத்துப்போல் பிரித்து எழுதுவதைச் செவ்வையாக வாசிக்கும் முறை அதில் சேர்க்கப்பட்டது; கருவி மிகவும் திருந்தியது. ஆயினும் முதலில் கிடைத்த கெட்ட பெயர் போகவில்லை. 1998 பிப்ரவரியில் ஆப்பிள் அதனைக் கைவிட்டது.

இதே சிக்கலை ஜெஃப் ஹாக்கின்ஸ் என்ற பொறியியல் நிபுணர் நேர் எதிர்த் திசையிலிருந்து அணுகினார். அவருடைய பாம் கம்பெனிக்குப் பங்கிருந்த 'ஜூமர்' என்ற கருவி 1993இல் தோல்வியுற்றிருந்தது. யந்திரம் மனிதனின் கையெழுத்தைக் கற்க முடியாவிட்டால், மனிதன் யந்திரத்துக்கு ஏற்ற எழுத்தைக் கற்றால் என்ன என்பது அவர் கேள்வி. அதன் விளைவே 'கிராஃபிட்டி' என்ற எழுத்து முறை. ரோமன் எழுத்துக்களில் பெரும்பாலானவற்றை அதில் ஒரே இழுப்பில் எழுதிவிடலாம். 'ஏ' என்ற எழுத்தில் குறுக்குக் கோடு கிடையாது. கூரை போல் ஏறி இறங்கினால் போதும். 'டி' என்பது ஒரு படுக்கைக் கோடு, வலக் கோடியில் கீழே மடங்கியது. இடமிருந்து வலமாகக் கீறினால் சொல் இடைவெளி. வலமிருந்து இடமாகக் கீறினால் முன் எழுத்து அழியும். திரையின் அடியிலுள்ள சிறு கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிக்கொண்டே போகலாம்.

பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும். கடைத்தெருவில் காய்கறி வாங்க அவ்வூர் மொழியின் இலக்கணம் முழுவதும் தேவையில்லை. நாலு நாளில் படிந்துவிடும் சில வாக்கியங்கள் போதும். கிராஃபிட்டியும் அத்தகைய சந்தை மொழியே. அதில் தவறு நேர்ந்தால் ஓர் எழுத்துதான் பிசகும். தாம் சரியாக இழுக்கவில்லை என்பதை எழுதியவரே உணர்ந்து மறுபடி இழுப்பார். யந்திரத்தின்மீது கோபம் வராது. ஹாக்கின்ஸின் வெற்றியில் பெரும்பகுதி இந்த மனநிலையைப் புரிந்துகொண்டதில் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

கருவியைச் செய்யுமுன் அவர் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது ஒரு நாளைக் குறிக்கச் சொன்னால் கட்டையை எடுத்து அதன்மேல் எழுதுவதாகப் பாவனை செய்வார். எது தேவை, எது வீண் என்பது இவ்வாறு தெளிந்தது. 1996இல் வெளிவந்த 'பைலட்' 299 டாலர் விலையில், 128 கிலோபைட் நினைவகத்தோடு, இரண்டு சிறு பேட்டரிகளில் பல வாரம் இயங்கியது. நாட்குறிப்பு, முகவரி, செய்யவேண்டிய காரியங்கள், குறிப்பு ஆகிய நான்குக்கும் நான்கு பொத்தான்கள். தாங்கி ஒன்றில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் மேசைக் கணிப்பொறியிலுள்ள பிரதியும் இதிலுள்ள பிரதியும் ஒன்றாகிவிடும். சுமார் ஒன்றரை ஆண்டில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

ஒற்றை இழுப்பு எழுத்தில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிச்சாலை முந்திக்கொண்டிருந்தது. தன் காப்புரிமை மீறப்பட்டதென்று அது 1997இல் வழக்குத் தொடுத்தது. வழக்கு இழுபட்டுக்கொண்டிருக்கையில், 2003இல் பாம் கம்பெனி கிராஃபிட்டியைக் கைவிட்டு வேறு எழுத்து முறைக்கு மாறிற்று. அரும்பாடுபட்டுக் கற்ற எழுத்தை மறக்கவேண்டி வந்ததே என்று பழைய பயனாளர் பலர் முணுமுணுத்தனர். 2004இல் ஜெராக்ஸின் காப்புரிமை செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. அதற்குள் ஹாக்கின்ஸும் சகாக்களும் தொடங்கிய 'ஹேண்ட்ஸ்பிரிங்' கம்பெனி, 2002இலேயே, கட்டைவிரலால் தட்டக்கூடிய சிறு பொத்தான் வரிசையோடு 'ட்ரியோ' என்ற தொலைபேசிக் கருவியை விற்கத் தொடங்கியிருந்தது.