நோட்டுசுவரம்

நோட்டுசுவரம் என்பது ஐரோப்பியப் படை இசை மெட்டுகளுக்கும் நடன மெட்டுகளுக்கும் முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இயற்றிய ஏறத்தாழ நாற்பது சிறு பாடல்களைக் குறிக்கும். ‘நோட்டு’ என்ற ஆங்கிலச் சொல்லும் ‘சுவரம்’ என்ற சொல்லும் சேர்ந்து இப்பெயர் அமைந்தது.

படை இசையின் பின்னணி

18ஆம் நூற்றாண்டில் பிரித்தானியக் காலாட்படையில் ‘ஃபைஃப்’ என்னும் ஆறு துளைகள் கொண்ட சிறிய குறுக்குக் குழலும் முரசும் இணைந்து ஒலித்தன. குழலின் கூரிய ஒலி துப்பாக்கி முழக்கத்தையும் மீறிக் கேட்கும். எனவே நடைக்கு ஒழுங்கு தரவும், கட்டளைகளை அறிவிக்கவும் அது பயன்பட்டது. அமெரிக்க விடுதலைப் போரிலும் இரு தரப்பினரும் இதையே இசைத்தனர். குடியேற்ற மக்களை எள்ளி நகையாட ஆங்கிலேயர் பாடிய ‘யாங்கி டூடில்’ மெட்டை அமெரிக்கர்கள் தமதாக்கிக்கொண்டனர். 1781இல் யார்க்டவுனில் தோற்ற காரன்வாலிஸ், 1786இல் இந்தியாவின் தலைமை ஆளுநரானார்.

மணலியில் தீட்சிதர்

சென்னைக்கு அருகிலுள்ள மணலியின் செல்வந்தர்களான முதலியார் குடும்பத்தினர், தீட்சிதரின் தந்தை இராமசுவாமி தீட்சிதரை ஆதரித்தனர். அங்கிருந்த காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையில் கும்பினிப் படையின் வாத்தியக் குழு வாசித்த இசை இக்குடும்பத்திற்கு அறிமுகமாயிற்று. தம்பி பாலுசுவாமி ஐரோப்பிய வயலின் பயின்று, அதைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தார்.

பாடல்கள்

இவை பெரும்பாலும் வடமொழியில், சங்கராபரண இராகச் சுவரங்களில் அமைந்தவை. இந்த இராகத்தின் சுவரங்கள் மேலைநாட்டு ‘மேஜர்’ அளவைச் சுவரங்களுடன் பொருந்துவதே இதற்குக் காரணம். கமகம் இல்லாத நேரான சுவரங்கள் என்பதால் சிறுவர்களுக்கு எளிதில் கற்பிக்கலாம். ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டில் ‘சந்ததம் பாஹிமாம்’ அமைந்துள்ளது. ‘வந்தே மீனாட்சி’ ஓர் ஐரிஷ் மெட்டைத் தழுவியது.

முக்கியத்துவம்

மன்னனைக் காக்குமாறு வேண்டிய மெட்டு, தீட்சிதரிடம் சங்கீத சியாமளையை வேண்டும் துதியாயிற்று. இதை ஆங்கிலேயருக்கு அடிபணிந்ததாகக் கொள்வதற்கு இடமில்லை. பாட்டில் அரசனுக்கு இடமே இல்லை. எதிர்ப்புக் குரல் என்று சொல்லவும் சான்று இல்லை. அயலார் மெட்டையும் தன் வழிபாட்டுக்கு ஏற்கத் தயங்காத இசைமனம் இதில் தெரிகிறது. கும்பினி ஆட்சி மறைந்தது. அதன் மெட்டுகளோ இன்றும் சிறுவர்களின் இசை வகுப்புகளில் அம்பாள் பாட்டாக ஒலிக்கின்றன.